வளர்த்து வேறு வீட்டுக்குக் கொடுப்பது துரோகமா?

கேள்வி, 8 நவம்பர் 2024, குன்னூரிலிருந்து ஒருவர்

தெருவில் கிடந்த நாயைக் கூட்டி வருகிறீர்கள். இரண்டு மூன்று மாதம் மடியில் வைத்துக் கொஞ்சுகிறீர்கள். பிறகு யாரோ ஒருவர் கையில் கயிற்றைக் கொடுத்து அனுப்பிவிடுகிறீர்கள். அதற்கு ஃபாஸ்டர் என்று ஒரு பெயர் வேறு. முதலில் கைவிட்டவன் எவனோ. இரண்டாவது கைவிடுவது நீங்கள். வைத்துக்கொள்ள முடியாது என்றால் எதற்குத் தொட வேண்டும்?

8 நவம்பர், இரவு

இதைப் படிக்கும்போது என் காலடியில் அப்படி ஒரு நாய் படுத்திருக்கிறது. வந்து எட்டு நாள். உங்கள் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நாங்கள் கோத்தகிரி பக்கம். தீபாவளி அன்று இரவு பத்து மணி இருக்கும், வெடிச் சத்தம் ஓயவில்லை, தூறல் வேறு. பின்பக்கம் போன என் பையன் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஏதோ இருக்கிறது என்று கத்தினான். டார்ச் அடித்துப் பார்த்தால் ஒரு பெட்டை நாய். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. விலா எலும்பை எண்ணலாம். கழுத்தைச் சுற்றி மயிர் போய்க் கயிற்றுத் தடம். கூப்பிட்டுப் பார்த்தோம், வரவில்லை. சோற்றை வைத்துவிட்டுக் கதவைத் திறந்து போட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணிக்கு மேல் தானாக உள்ளே வந்து அடுப்படி மூலையில் சுருண்டது. யோசித்து முடிவெடுத்து நான் தொடவில்லை. அது வந்தது, அவ்வளவுதான்.

9 நவம்பர்

நேற்று விட்டுப்போன விஷயம். இப்படி ஒரு நாய் வந்தால் முதலில் அதன் வீட்டைத் தேட வேண்டும். வெடிக்கு மிரண்டு ஓடுகிற நாய் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும், திரும்பி வர வழி தெரியாமல் நின்றுவிடும். படம் எடுத்து ஆட்டோ ஸ்டாண்டிலும் பேக்கரியிலும் கால்நடை மருத்துவமனையிலும் கொடுத்தேன். ஊர் ஊராகப் பச்சைத் தேயிலை எடுக்க வரும் லாரி டிரைவரிடமும் காட்டினேன். அவரைப் போல எல்லா ஊர் நாயையும் பார்த்தவர் இங்கே யாரும் இல்லை. அவருக்கும் தெரியவில்லை.

காதில் வெட்டு அடையாளமும் இல்லை. கருத்தடை செய்த தெருநாய் என்றால் காதில் சின்னதாக வெட்டியிருப்பார்கள். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி அப்படிப்பட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே திரும்ப விட வேண்டும். அதற்கு அங்கே ஒரு தெரு இருக்கிறது, சோறு போடும் நாலு பேர் இருக்கிறார்கள். அதை நாம் தூக்கி வந்தால் அதுவும் ஒரு விதத்தில் பிரிப்பதுதான். இதற்கு அப்படி ஒரு தெரு இருப்பதாகத் தெரியவில்லை. தெருவில் வளர்ந்த நாய்க்கு வண்டி தெரியும், இதற்குத் தெரியவில்லை. ஜீப் வந்தால் நடு ரோட்டில் நிற்கிறது.

11 நவம்பர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும்.

மூன்றாம் நாள் அதன் காதுக்குள் உண்ணி கொத்தாக இருப்பதைப் பார்த்துக் கையாலேயே பிடுங்கப் போனேன். வலி தாங்காமல் திரும்பிக் கடித்துவிட்டது. கட்டைவிரல் பக்கம் ஒரு பல் இறங்கியது. வீட்டில் சொன்னால் நாயை வெளியே விடச் சொல்வார்களோ என்று பயந்து மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டேன். அத்தைதான் (என் மாமியார்) கண்டுபிடித்தார். நாயை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, என்னைத்தான் பிடித்துக்கொண்டார்.

மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவினால்தான் பதினைந்து நிமிடம் எவ்வளவு நேரம் என்று தெரியும். பிறகு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். ஊசி இலவசம். எனக்கு 0, 3, 7, 28 என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். ரேபிஸ் வந்த பிறகு மருந்து இல்லை, ஊசி மட்டும்தான் வழி. நான் அரை நாள் தாமதித்தேன், அது தப்பு.

உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். சோப்புத் தண்ணீரில் போட்டால் போதும்.

14 நவம்பர்

சாப்பிட மாட்டேன் என்கிறது. ஈறு வெளிறிப்போய் இருக்கிறது. இன்று காலை மூக்கில் ஒரு சொட்டு ரத்தம். அவசரமாகக் கிளம்புகிறேன்.

15 நவம்பர்

உண்ணிக் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் 48 ஆயிரம்தான் இருக்கிறதாம், இரண்டு லட்சமாவது இருக்க வேண்டும் என்றார் டாக்டர். டாக்ஸிசைக்ளின் மாத்திரை, 28 நாள். இரண்டு நாளில் தெளிந்து ஓட ஆரம்பித்துவிடும், அப்போது நிறுத்திவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும் என்பதால் சோற்றுக்குப் பிறகு பாலில் கலந்து கொடுத்தேன்.

"எதற்குத் தொட வேண்டும்" என்று கேட்டீர்கள். அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தால் இந்த வாரத்தைத் தாண்டியிருக்காது. இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. அதன் ஈறுகளை விரலால் அழுத்திப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

19 நவம்பர்

மேலே பாலில் கலந்து என்று எழுதியிருக்கிறேன். யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பாலும் தயிரும் அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்குமாம். நாலு நாள் மருந்து ஓரளவு வீணாகியிருக்கும். இப்போது கோழிக்கால் வேகவைத்த தண்ணீரில் பிசைந்த சோற்றைக் கொடுத்த பிறகு, ஒரு உருண்டைக்குள் மாத்திரையை வைத்துக் கொடுக்கிறேன். எலும்பைப் போடுவதில்லை, வெந்த எலும்பு ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் ஆகாது. சாக்லேட்டைப் பற்றி என் பையனுக்குத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெயர் வைக்காதீர்கள், வைத்தால் கொடுக்க மனம் வராது என்று ஒருவர் சொல்லியிருந்தார். பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது. அத்தை முதல் நாளே "என்ன இப்படிச் சுக்காக் காஞ்சு கெடக்கு" என்றார். பையன் அதைப் பிடித்துக்கொண்டான். சுக்கு.

24 நவம்பர்

நேற்று இரவு பக்கத்து வீட்டுத் திண்ணையில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை கொண்டு போய்விட்டது. ஒரு சத்தம், அவ்வளவுதான். காலையில் சங்கிலி மட்டும் கிடந்தது. இரண்டு வருடத்தில் எங்கள் வரிசையில் இது மூன்றாவது.

எனவே சமவெளிக்காரர்கள் சொல்கிற யோசனைகள் எல்லாம் இந்த மலையில் செல்லாது. வாசலில் சாக்கை விரித்துப் போடுங்கள், கொட்டகை கட்டுங்கள் என்கிறார்கள். இங்கே கட்டிப்போட்ட நாய் சிறுத்தைக்கு நாமே எடுத்து வைத்த இலைச் சாப்பாடு. இருட்டியதும் நாய் வீட்டுக்குள் வர வேண்டும், கதவுக்குத் தாழ்ப்பாள் வேண்டும். நடக்கக் கூட்டிப்போனாலும் கயிறு கையில் இருக்க வேண்டும். தேயிலைக்குள் கரடியைப் பார்த்துக் குரைக்கிற நாய், பயம் வந்ததும் நம்மிடம்தான் ஓடி வரும். பின்னாலேயே கரடியும் வரும்.

சுக்கு இரவு முழுக்கத் தூங்கவில்லை. கதவை ஒட்டியே நின்றாள். நானும்.

25 நவம்பர்

"நின்றாள்" என்று எழுதிவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். இதுவரை "அது" என்றுதான் எழுதிவந்தேன், வேண்டுமென்றே. நேற்று கை தானாக எழுதிவிட்டது. இனி மாற்றப் போவதில்லை.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை ஏறியதற்கு இங்கே நாலு நாளாக மழை. இலை பறிக்கப் போகவில்லை. வீட்டில் ஐந்து பேரும் ஒரு நாயும், காயாத துணியும்.

புது நாய்க்கு முதல் மூன்று நாள் பயம் தெளிய, மூன்று வாரம் வீட்டு வழக்கம் பழக, மூன்று மாதம் நம் வீடு என்று நினைக்க என்று ஒரு கணக்கு சொல்வார்கள். சுக்கு விஷயத்தில் முதல் கணக்கே பத்து நாள் ஆனது. கணக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னும் வாலாட்டவில்லையே என்று நான் கவலைப்பட்டதுதான் மிச்சம். நோயில் கிடந்த நாய்க்கு நாட்களை எப்படி எண்ணுவது?

கற்றுக்கொண்டது: பெயரைச் சொன்னால் வருகிறாள். மழையிலும் வெளியே போய்த்தான் ஒன்றுக்கு இருக்கிறாள். தட்டில் கை வைத்தால் உறுமுவதில்லை. இதற்காக அடிக்கவில்லை, தட்டைப் பிடுங்கவும் இல்லை. அவள் சாப்பிடும்போது நான் போய் ஒரு துண்டு முட்டையைத் தட்டில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். கை வந்தால் நல்லது வரும் என்று ஒரு வாரத்தில் புரிந்துகொண்டாள்.

கற்றுக்கொள்ளாதது: துடைப்பத்தை எடுத்தால் இன்னமும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். எவனோ துடைப்பத்தால் அடித்திருக்கிறான். நான் இப்போது அவள் வெளியே இருக்கும்போதுதான் பெருக்குகிறேன்.

8 டிசம்பர்

வளர்க்க யாராவது எடுத்துக்கொள்வார்களா என்று சுக்குவின் படத்தைப் போட்டு ஒரு வாரத்தில் ஏழு பேர் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் "என்ன ஜாதி" என்றுதான் ஆரம்பித்தார்கள். சிப்பிப்பாறையா, ராஜபாளையமா, கோம்பையா? நாட்டு நாய் என்றதும் மூன்று பேர் வைத்துவிட்டார்கள்.

ஒருவர் விருந்தினர் விடுதி நடத்துகிறவர். நேரிலேயே வந்தார், பிஸ்கட் எல்லாம் வாங்கி வந்தார், நல்ல மாதிரி. இரவில் எங்கே படுக்கும் என்று கேட்டேன். "கேட் பக்கத்துல கட்டிருவோம், காவலுக்குத்தானே" என்றார். சிறுத்தையைச் சொன்னேன். "போன நாய் அப்படித்தான் போச்சு" என்று சாதாரணமாகச் சொன்னார். கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியது, எனக்கும் சங்கடமாக இருந்தது. ஆனால் இரண்டாவது முறை யோசிக்கவில்லை.

நான் கேட்கிற கேள்விகள் இவைதான். இரவில் எங்கே படுக்கும்? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? வீட்டில் வேண்டாம் என்று சொல்கிறவர் யார், அவரிடம் நான் பேசலாமா? முன்பு நாய் இருந்ததா, அது என்ன ஆனது? கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலில் மற்ற மூன்றும் தெரிந்துவிடும்.

13 டிசம்பர்

கார்த்திகை தீபம். இரண்டு வெடிதான் கேட்டது. ரேடியோவைச் சத்தமாக வைத்து, ஜன்னலைச் சாத்தி, நானும் கீழே உட்கார்ந்துகொண்டேன். நடுங்கினாள், ஆனால் ஓடவில்லை. மாத்திரை முந்தாநாளோடு முடிந்தது. தட்டணுக்கள் 2 லட்சத்து 10 ஆயிரம். விளக்கு வைத்துவிட்டு அத்தை அவள் நெற்றியிலும் கொஞ்சம் விபூதி பூசினார்.

22 டிசம்பர்

கருத்தடை முடிந்து நாலு நாள். தையல் பிரிக்க இன்னும் ஒரு வாரம். நக்காமல் இருக்க என் பையனின் பழைய பனியனைப் போட்டு முதுகில் முடிந்திருக்கிறேன். கொடுத்த பிறகு அவர்கள் செய்துகொள்ளட்டும் என்று விடக் கூடாது. பெரும்பாலும் செய்ய மாட்டார்கள், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு குட்டி, அதில் பாதி மறுபடி யாருடைய துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னாலோ. ரேபிஸ் ஊசியும் போட்டாயிற்று, அட்டை கொடுத்திருக்கிறார்கள்.

29 டிசம்பர்

கேட்டவருக்கு இன்று நேராக எழுதுகிறேன். எனக்கும் மனம் மாறிவிட்டது. கொடுக்க வேண்டாம், நாங்களே வைத்துக்கொள்ளலாம் என்று நேற்று வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் பேசவில்லை. பையன் குதித்தான். அத்தைதான் வேண்டாம் என்றார்.

காரணம் சொன்னார். அவர்கள் குடும்பம் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தில், தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஏற்பாட்டில், இலங்கையிலிருந்து வந்தது. 1974-இல். அவருக்குப் பதினோரு வயது. ஹட்டன் பக்கம் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரு கறுப்பு நாய் வளர்த்திருக்கிறார்கள். பெட்டி கட்டுகிற அன்று அது யாரையும் விட்டு நகரவில்லையாம். ரயில் நிலையம் வரை வந்து நடைமேடையில் நின்றது. தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இங்கே டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம். "மண்டபத்துல இருந்தப்ப எங்க அம்மா தினம் கேக்கும், அதுக்கு எவன் சோறு போடுறானோன்னு. விட்டுட்டு வந்தது எங்க கையில இல்ல. யார்கிட்ட விட்டோம்னு சொல்லாம வந்தது எங்க தப்பு. லயத்துல பத்து வீடு இருந்துச்சு. ஒரு வீட்டுல சொல்லியிருந்தா வச்சிருப்பாங்க. சொல்லத் தோணல."

எங்கள் நிலைமையையும் சொன்னார். ஜூனில் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை, நாங்களும் போவோம். ஒரு அறை வாடகை வீடு. அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் பாக்கி. "இப்ப ஆசைக்கு வச்சிக்கிட்டு ஜூன்ல அவசரத்துக்குக் குடுப்பியா? குடுக்கறதுன்னா நிதானமா, நல்ல எடமாப் பார்த்துக் குடு."

ஐம்பது வருடமாக அந்த நாயைப் பற்றி அவர் ஒரு முறைகூடப் பேசியதில்லை.

5 ஜனவரி 2025

அருவங்காட்டில் ஒரு வீடு பார்த்தோம். வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா, அவர் மனைவி. அவர்கள் நாய் பதினான்கு வயதில் போன வருடம் இறந்துபோனது. கடைசி இரண்டு வருடம் கண் தெரியாத அதைப் படியில் தூக்கி ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்?

உடனே கொடுத்துவிடவில்லை. முதலில் அவர்கள் இங்கே வந்தார்கள், தேயிலைக்கு நடுவே எல்லோரும் சேர்ந்து நடந்தோம். ஐயா அவளைத் தொடவே இல்லை, பக்கத்தில் நடந்தார். திரும்பும்போது கயிறு அவர் கையில் இருந்தது, எப்போது கொடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு நாங்கள் அங்கே போனோம். இரவுத் தாழ்ப்பாள், பின்வேலி எல்லாவற்றையும் நான் பார்க்க, அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "பொண்ணு குடுக்கிற வீடு மாதிரி பாக்குறே" என்றார். அப்படித்தான் பார்த்தேன்.

11 ஜனவரி

இன்று கொடுத்தோம். மலை வளைவில் வாந்தி எடுப்பாள் என்று காலையில் சோறு வைக்கவில்லை. படுக்கிற கம்பளியைத் துவைக்காமல் அப்படியே கொடுத்தேன், வாசனை இருக்கட்டும் என்று. ஊசி அட்டை, சோற்று அளவு, துடைப்ப விஷயம், எல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எங்களால் எப்போதாவது முடியாமல் போனால் உங்களிடமே தருகிறோம் என்று அவர்களாகவே அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். வண்டி கிளம்பியதும் பின் கண்ணாடியில் அவள் தலை தெரிந்தது.

இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

16 ஜனவரி

இரண்டு நாள் சாப்பிடவில்லை, கதவருகே படுத்திருந்தாள் என்று சொன்னார்கள். அந்த இரண்டு நாளும் குன்னூர்க்காரரின் கேள்விதான் எனக்குள் ஓடியது. சரியாகத்தான் கேட்டிருக்கிறார் என்றுகூட நினைத்தேன். மூன்றாம் நாள் பொங்கல். வெண்பொங்கல் வாசனைக்கு எழுந்து வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாளாம். மிளகு எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஐயாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் படுக்கிறாள்.

பார்க்கப் போக வேண்டும் என்று பையன் அழுகிறான். ஒரு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். நாம் அடிக்கடி போய் நின்றால் அவள் காத்திருக்கப் பழகிவிடுவாள்.

16 பிப்ரவரி

போனோம். கேட் சத்தம் கேட்டதும் ஓடி வந்தாள். பையன் மேல் ஏறி முகம் முழுக்க நக்கினாள், என் கட்டைவிரல் தழும்பை மோந்தாள். அஞ்சு நிமிடம் எங்களையே சுற்றிச் சுற்றி வந்தாள். பிறகு ஐயா செருப்பை மாட்டிக்கொண்டு "நடக்கலாமா" என்றார். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் பின்னால் போனாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. அது துக்கம் இல்லை.

துரோகமா என்று கேட்டீர்கள். அவளுக்கு அந்த இரண்டு நாள் வலித்தது, அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை அவளை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுத்தோம், நடுவில் ரோடு இல்லை. அந்த அம்மா இப்போது துடைப்பத்தை எடுக்கும்போது முதலில் அவளிடம் காட்டி மோந்து பார்க்க விடுகிறாராம். கட்டிலுக்கு அடியில் போவதில்லையாம். இரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தும் எனக்குத் தோன்றாத யோசனை.

17 பிப்ரவரி

வீட்டுக்கு வந்து அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவுங்க வீட்டு அட்ரஸை ஒரு நோட்டுல எழுதி வை" என்றார். ஏற்கெனவே இருக்கிறதே என்றேன். "பரவால்ல, எழுதி வை" என்றார். எழுதி வைத்தேன்.

2 மார்ச்

டானிங்டன் பேக்கரிக்காரர் இப்போதுதான் கூப்பிட்டார். கடைக்குப் பின்னால் சாக்கில் கட்டி இரண்டு குட்டிகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், கண் திறந்து பத்து நாள்கூட இருக்காதாம். ஜூன் வரை எங்களுக்கு நேரம் இருக்கிறது. வீட்டுக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கம்பளி சுக்குவோடு போய்விட்டது. கோத்தகிரி பக்கம் யாரிடமாவது பழைய கம்பளி இருந்தால் பேக்கரியிலேயே கொடுத்துவிடுங்கள், நாளைக் காலையில் வாங்கிக்கொள்கிறேன்.